சனவ்பர் வீட்டு வடக்குச் சுவர்

எங்கள் தெருவில் ஒழுகாத குழாய் ஒன்று இருந்தால் அதில் சனவ்பரின் கை பட்டிருக்கிறது என்று அர்த்தம். வேறு யார் கை படும்? எங்கள் ஊர் கோனிபோதோமில் ஆம்பளை என்று மிச்சம் இருப்பது பல் முளைக்காததும் பல் விழுந்ததும்தான். நடுவயதுக்காரன் எல்லாம் ருஷ்யாவில் யாருக்கோ கட்டடம் கட்டிக்கொண்டிருக்கிறான். இங்கே குழாய் ஒழுகினால், அவன் ரம்ஜானுக்கு வரும்வரை பக்கெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா?

அப்படித்தான் அவள் இந்த வேலைக்கு வந்தாள். முதலில் தன் வீட்டுச் சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினாள். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரி எனக்கு. அப்புறம் தெருவுக்கு. ஆம்பளை இல்லாத வீட்டுக்குள் ஆம்பளை மேஸ்திரி நுழைந்தால் ஊர் வாய் சும்மா இருக்காது. சனவ்பர் நுழைந்தால் தேநீர் வைப்பார்கள். ஐந்தே வருஷத்தில் கால்வாய்க்கு அந்தப் பக்கம்வரை அவளைத் தேடி ஆள் வந்தது. டீக்கடைக் கிழவர்கள் அவளைப் பார்த்தால், "வாம்மா குழாய்க்காரி, எங்களுக்கும் மூட்டெல்லாம் ஒழுகுது, ஸ்பானர் இருக்கா?" என்று கேலி பேசுவார்கள். "உங்களுக்கு வாஷர் கிடைக்காது தாத்தா, பழைய மாடல்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போவாள்.

அவள் வேலை செய்யும் விதமே தனி. போன உடனே எதையும் கழற்ற மாட்டாள். ஈரமான சுவருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு கிண்ணம் தேநீரை மெதுவாகக் குடித்து முடிப்பாள். ஈரம் எங்கே தெரிகிறதோ அங்கே ஒழுகல் இல்லை என்பாள். எங்கள் ஊர் வீடுகள் எல்லாம் ஹாலோ பிளாக் வீடுகள். கல்லுக்குள் பொந்து, பொந்துக்குக் கீழே பொந்து. மேலே ஒரு மூலையில் சொட்டுகிற தண்ணீர் உள்ளுக்குள்ளேயே இறங்கி, பக்கவாட்டில் போய், நாலு கெஜம் தள்ளிச் சம்பந்தமே இல்லாத இடத்தில் ஓதமாக வெளியே வரும். பூச்சு பூசியவன் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியவே வரும். அதைத் தேடிப் பிடிக்கப் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது. நான் தையல்காரி, கோணலாகப் போனால் பிரித்துவிடுவேன்.

இத்தனை வீட்டு ஓதத்தைக் காயவைத்தவளின் சொந்த வீட்டு வடக்குச் சுவர் ஐந்து வருஷமாக ஈரம். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அந்த வீடு அவள் புருஷன் இக்ரோம் கட்டியது. இரண்டு அறை, ஒரு சமையலறை, மேலே பரணில் ஒரு தண்ணீர் டேங்க். எல்லாவற்றையும் தானே செய்வேன் என்று நின்று, குழாயைக்கூடத் தானே பதித்தான். கல்யாணம் ஆனது இலையுதிர் காலத்தில். நாற்பத்தோராவது நாள் ருஷ்யா வேன் வாசலில் வந்து நின்றது. அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். அவன் அம்மா ஹோஜர், அப்போதுதான் தந்தூர் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியைத் துணியில் வைத்து நீட்டினார். இக்ரோம் ஒரு கடி கடித்தான். எங்கள் வழக்கப்படி மிச்ச ரொட்டி அவன் திரும்பி வரும்வரை சுவரில் தொங்க வேண்டும், அவனே வந்துதான் இறக்க வேண்டும். என் புருஷன் கடித்ததும் என் வீட்டில் தொங்குகிறது, உத்தரத்தில் நூல் கட்டி.

ஹோஜருக்கு நூல் போதவில்லை. "ஆணி அடிடா, நூல்னா எலி கடிச்சிரும்" என்றார். இக்ரோம் ஸ்டூல் போட்டு ஏறி, வடக்குச் சுவரில் கூரையை ஒட்டி ஆணி அடித்தான். முதல் இடத்தில் ஆணி பொந்துக்குள் போய் ஆடியது. இரண்டாவது இடத்திலும் ஆடியது. மூன்றாவது இடத்தில் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது. "ஆகா, இது நகராது" என்று சொல்லி, ரொட்டியை மாட்டி, அம்மா கையேந்திச் சொன்ன துஆவை வாங்கிக்கொண்டு வேனில் ஏறினான். சனவ்பரிடம் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. சொல்வதற்கு நாற்பது நாள் பழக்கத்தில் என்ன இருக்கும்?

அதோடு சரி, அவன் திரும்பவே இல்லை. ஏழு வருஷம் ஆகிறது. வெள்ளிக்கிழமை தோறும் அம்மாவுக்குப் போன் வரும். முதல் மூன்று வருஷம் பெண்டாட்டியையும் கூப்பிடச் சொன்னான். அப்புறம் கூப்பிடவில்லை. நாலாவது வருஷம் ருஷ்யாவிலிருந்து லீவில் வந்த ஒருத்தன் போனில் ஒரு படம் இருந்தது. இக்ரோம், பக்கத்தில் ஒரு மஞ்சள் முடிக்காரி, நடுவில் இக்ரோமின் அதே விடைத்த காதோடு ஒரு பையன். தெருவே பார்த்தது. சனவ்பரும் பார்த்தாள். ஹோஜரிடம் நீட்டியபோது மட்டும், "கண்ணாடி கொண்டு வரலம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணாடி அவர் மூக்கின் மேல்தான் இருந்தது.

ஓதம் ஆரம்பித்தது அவன் போன இரண்டாவது வருஷம். வடக்கு அறைக் கீழ்மூலையில் பூச்சு பொரிந்து, உப்புப் பூத்து, கை வைத்தால் பொலபொலவென்று உதிர்ந்தது. ஹோஜர் பழியை மருமகள் தலையில் போட்டார். "விடிகாலையில முத்தம் பெருக்கறேன்னு குளம் மாதிரி தண்ணி தெளிச்சா, ஓதம் ஏறாம என்ன ஏறும்?" சனவ்பர் ஒரு மாதம் உள்ளங்கைத் தண்ணீரில் வாசல் தெளித்தாள். ஈரம் குறையவில்லை. கூரை ஓட்டில் விரிசல் இருந்த இரண்டை மாற்றினாள். குறையவில்லை. அவள் அப்போது வேலைக்குப் புதுசு.

வேலை கைவந்த பிறகு ஒரு பென்சிலை எடுத்து, ஈரத்தின் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுத ஆரம்பித்தாள். வாரத்துக்கு ஒரு கோடு. மூன்று மாதத்தில் சுவர் பள்ளிக்கூடத்து வரைபடம் மாதிரி ஆயிற்று. மழை பெய்த வாரத்தில் கோடு நகரவில்லை. முனிசிபல் தண்ணீர் கூடுதலாக வந்த வாரத்தில் நகர்ந்தது. ஆக, கூரை இல்லை, குழாய்தான். சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தாள். காலிப் பொந்து ஒரு மாதிரி கேட்கும், தண்ணீர் நின்ற பொந்து மொத்தையாகக் கேட்கும். மொத்தையாகக் கேட்ட கடைசிக் கல்லின் அடியில் துளை போட்டாள். ஒன்றரை பக்கெட் தண்ணீர் வந்தது! சுவருக்குள் ஒன்றரை பக்கெட். நான் வாயில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

சமையலறையிலிருந்து மேல் டேங்குக்குப் போகிற குழாய்தான் சந்தேகம். ஆனால் அது சமையலறைச் சுவரில் நேராக மேலே போவதாகத்தான் எல்லாரும் நினைத்திருந்தோம். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியைச் சுவரில் ஊன்றி, பிடியில் காதை வைத்து, அங்குலம் அங்குலமாகக் கேட்டுக்கொண்டே போனாள். சத்தம் சமையலறையில் இல்லை. வடக்கு அறைக்குள் வந்தது. மேலே மேலே போனது. ஸ்டூல் போட்டாள். இக்ரோம் ஒன்றரை மீட்டர் குழாயை மிச்சம் பிடிக்கக் குறுக்குக் கோணமாக வடக்குச் சுவருக்குள் பதித்திருக்கிறான். ஸ்க்ரூ டிரைவர் போய் நின்ற இடத்தில் அவள் காதுக்குப் பக்கத்தில் ரொட்டி தொங்கியது.

ஆணி ஆடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான். பிளாஸ்டிக் குழாய்க்குள் ஏறி நின்றிருக்கிறது. அன்றைக்குத் தண்ணீர் வராத நேரம், அதனால் பீய்ச்சவில்லை. ஆணியே அடைப்பாக ஒரு வருஷம் தாக்குப்பிடித்து, துருப்பிடித்து இளைத்து, அப்புறம் கசிய ஆரம்பித்திருக்கிறது. தண்ணீர் எல்லாம் கீழ்நோக்கிப் பொந்துக்குள். மேலே ரொட்டி மட்டும் ஈரம் படாமல் காய்ந்து கல்லாகத் தொங்குகிறது.

இதை ஹோஜரிடம் சொன்னபோது நடந்ததை என் வீட்டிலிருந்தே கேட்டேன்.

"அம்மா, ஒழுகல் அந்த ஆணியிலதான். ஆணியைப் பிடுங்கி, சுவரை உடைச்சு, குழாய்க்கு ஒட்டுப் போடணும். ரொட்டியைக் கொஞ்சம் இறக்கிக் கொடுங்க."

"என் புள்ளை உசுரு அந்த ஆணியில தொங்குது. கை வச்சே, கையை ஒடிப்பேன்."

"வேற ஆணி அடிச்சு மாட்டிக்கலாம்மா."

"வழியில இருக்கறவன் ரொட்டியை இறக்குனா அவன் வழியிலயே போயிருவான்! இது தெரியாமயா உன்னை வளர்த்தாங்க?"

ஊரில் உள்ள சுவர்களை எல்லாம் காயவைத்துவிட்டு வந்து, தன் வீட்டு ஓதத்தின் ஓரத்தில் பாய் போட்டு அவள் படுத்தாள். மூன்று வருஷம்! இருபத்தொன்பது வயது, நாற்பது நாள் புருஷன், ஒரு மாமியார், ஒரு காய்ந்த ரொட்டி. இதுதான் ஒருத்தியின் வாழ்க்கை என்றால் யாரைப் பிடித்துத் திட்டுவது?

இந்த வருஷம் ஆப்ரிகாட் பழத்தைக் காயப்போடுகிற சமயத்தில் ஹுஜந்த் நகரத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். அங்கே ஒரு குளியல்கூடத்தை நடத்துகிறாள். பெண்கள் பக்கத்தில் எப்போது குழாய் கெட்டாலும் எல்லாரையும் வெளியேற்றித்தான் ஆம்பளை மேஸ்திரியை உள்ளே விட வேண்டியிருக்கிறது. சனவ்பரைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்திருக்கிறாள். "பொம்பளை மேஸ்திரின்னா எனக்குத் தங்கம். மாடியில ஒரு ரூம் இருக்கு, நீயே இருந்துக்கோ. பருத்தி எடுப்பு முடியறவரைக்கும் உனக்காகக் காத்திருக்கேன்" என்றாள்.

அன்றைக்குச் சனவ்பர் என் வீட்டு மெஷினுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை.

"போடி" என்றேன். "இப்பவே பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பு. நான் பார்த்துக்கறேன் உன் மாமியாரை."

"ஓடிப்போனவன்னு பேரு வாங்கிட்டுப் போனா, எந்த வீட்டுல அக்கா என்னை உள்ள விடுவாங்க? என் பேருதான் என் ஸ்பானர்."

"அப்ப என்ன செய்யப்போறே?"

"அம்மா கையால அந்த ரொட்டியை இறக்கணும். இறக்கிட்டாங்கன்னா, அவரு வரமாட்டாருன்னு அவங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. அப்புறம் நான் யாருக்காகக் காத்திருக்கேன்? துஆ சொல்லி அனுப்பிருவாங்க. கெட்டவங்க இல்ல அக்கா அவங்க. பயந்தவங்க."

"அந்தக் கிழவி இறக்குவாளாக்கும்!"

"சுவரு இறக்க வைக்கும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் அதை யோசிக்கவில்லை.

சுவர் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. போன குளிர்காலத்திலேயே பொந்துக்குள் நின்ற தண்ணீர் உறைந்து, வடக்கு மூலையில் இரண்டு கல் முகம் பிளந்துவிட்டது. விரல் நுழைகிற விரிசல். இந்த ஐப்பசியில் அது கூரைவரை ஏறியது. ஹோஜர் தினமும் அதில் விரலை விட்டுப் பார்ப்பார். "இன்னும் ஒரு பனி தாங்குமா?" என்று மருமகளைக் கேட்பார். "தாங்காதும்மா" என்பாள் அவள். பொய் இல்லை. வேலை விஷயத்தில் அவள் யாரிடமும் பொய் சொல்லிக் கேட்டதில்லை. அரை மணி நேர வேலைக்கு அரை நாள் என்று சொல்லத் தெரியாத ஒரே மேஸ்திரி அவள்தான்.

கிழவி சாப்பாட்டைக் குறைத்தார். மகன் வந்து நிற்கும்போது நிற்க வீடு இல்லாமல் போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம், ரொட்டியை இறக்கினால் மகனே இல்லாமல் போவானோ என்ற பயம் ஒரு பக்கம். அவரைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது. இதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் பாவமாகத்தான் இருந்தது.

பருத்தி எடுப்பு முடிய ஐந்து நாள் இருக்கும்போது, மதியம் ஹோஜர் சுவரைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். போனேன். வடக்கு அறையில் சுத்தமான விரிப்பு விரித்து, அதில் வெள்ளைத் துணி வைத்திருந்தார். தலைக்குப் புதுத் துணி கட்டியிருந்தார். ஆணிக்குக் கீழே ஸ்டூல்.

"லுத்ஃபியா, நீ சாட்சி. நாளைக்கு எவளும் வந்து, மருமக இறக்கிட்டான்னு சொல்லக்கூடாது. நான்தான் இறக்கறேன். அல்லா என் புள்ளையை எங்க வச்சிருக்கானோ அங்கயே நல்லா வச்சிருக்கட்டும்."

அங்கேயே நல்லா இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்! ஏழு வருஷத்தில் முதல் தடவை. நான் சனவ்பரைப் பார்த்தேன். அவள் குனிந்து ஸ்டூலின் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காது சிவந்திருந்தது.

கிழவி ஏறினார். ஒரு கையைச் சுவரில் ஊன்றி, மறு கையைத் தூக்கினார். ரொட்டி எட்டியது. விரல் அதைத் தொட்டது. தொட்டதும் பெரிதாக அழ ஆரம்பித்தார். சத்தம் போட்டு, உடம்பெல்லாம் குலுங்க, மையத்து எடுக்கிற வீட்டில் அழுவது போல. "என் கையால, என் கையாலயே" என்று அழுதார். ஸ்டூல் ஆடியது. எனக்குத் தாங்கவில்லை. யாராவது அழுதால் எதையாவது சொல்லிச் சமாதானப்படுத்தாமல் இருக்க எனக்குத் தெரியாது. வாயில் முதலில் வந்ததைச் சொன்னேன்.

"அழாதீங்க அத்தை. இதுக்குப் போய் ரொட்டியை இறக்கணுமா? போன வருஷம் எங்க வீட்டுல சுவருக்குள்ள குழாய் போயிருச்சுன்னு, சனவ்பர் அதை அப்படியே உள்ள விட்டு ரெண்டு பக்கமும் மூடி போட்டு அடைச்சிட்டு, சுவருக்கு மேலயே புதுக் குழாய் ஓட்டிக் கொடுத்தாளே. ஒரு ஆணிகூடத் தொடலையே!"

சொல்லி முடிக்கும்போதே சனவ்பர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் எனக்கு எல்லாம் புரிந்தது. மூன்று வருஷம் அந்தச் சுவரை அவள் ஏன் அப்படியே விட்டு வைத்தாள் என்று. அவளுக்குத் தெரியாத வழியா? இரண்டு நாள் வேலை. அந்த ஓதத்தைத் தவிர இந்த உலகத்தில் அவளுக்காகப் பேச யாரும் இருக்கவில்லை. நான் அதன் வாயை அடைத்துவிட்டேன்.

கிழவியின் அழுகை நின்றது. கை ரொட்டியிலிருந்து இறங்கியது.

"அப்படிச் செய்ய முடியுமா?" என்று கீழே பார்த்துக் கேட்டார்.

முடியாது என்று சொல்லடி, என்று உள்ளுக்குள் கத்தினேன். பழைய குழாய், அழுத்தம் போதாது, பனியில் வெடிக்கும், எதையாவது சொல். நானும் ஆமாம் என்பேன், அல்லா மேல் சத்தியம் செய்வேன். சனவ்பர் ஸ்டூலின் கால்களை இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

"முடியும்மா" என்றாள்.

"அப்ப ஏன்டி இத்தனை வருஷம் சொல்லல?"

"நீங்க கேக்கலயேம்மா."

கிழவி இறங்கினார். கோபிக்கக்கூட இல்லை; அவ்வளவு சந்தோஷம். வெள்ளைத் துணியை மடித்து வைத்துவிட்டு, எங்கள் இரண்டு பேருக்கும் தேநீர் போடப் போனார். நான் சனவ்பரின் கையைப் பிடித்தேன். "பாவி நான், பாவி. முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"கேட்டுட்டாங்களே அக்கா" என்றாள். கையை இழுத்துக்கொள்ளவில்லை. இழுத்துக்கொண்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாளே வேலையைத் தொடங்கினாள். பழைய குழாயைச் சமையலறைப் பக்கம் ஒரு வெட்டு, பரண் பக்கம் ஒரு வெட்டு வெட்டி, இரண்டு வாயையும் மூடினாள். புதுக் குழாயைச் சமையலறைச் சுவரின் மேலேயே நேராக நிறுத்தி, ஒரு முழத்துக்கு ஒரு கிளிப் அடித்தாள். ஒவ்வொரு கிளிப்புக்கும் முன்னால் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றிக் காது வைத்துக் கேட்டாள். தூக்குநூல் விட்டுப் பார்த்தாலும் மயிரிழை விலகாத வேலை. இதைவிட மோசமாகச் செய்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? அவளுக்கு அப்படிச் செய்யத் தெரியாது. அடிக் கற்களில் துளைகள் போட்டு, மிச்சத் தண்ணீரை எல்லாம் வடிய விட்டாள். பிளந்த கற்களை எடுத்துவிட்டுப் புதுக் கல் வைத்தாள். பருத்தி எடுப்பு முடிந்த மறுநாள் ஹுஜந்திலிருந்து போன் வந்தது. "வரலைங்க, வேற ஆளைப் பாருங்க" என்று என் வீட்டு வாசலில் நின்றுதான் பேசினாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன், வேலை கிடக்கிறது என்றாள்.

முதல் பனி விழுந்தது. சுவர் அசையவில்லை. தை மாதத்தில் பூச்சு முழுக்கக் காய்ந்து, பென்சில் கோடுகளும் தேதிகளும் மட்டும் தெளிவாகத் தெரிந்தன. சனவ்பர் அவற்றின் மேல் சுண்ணாம்பு அடித்தாள். ஹோஜர் அன்றைக்குப் பிலாவ் செய்து என்னையும் கூப்பிட்டிருந்தார். சாப்பிட்டு முடித்ததும் எழுந்து போய் வெள்ளைச் சுவரின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கன்னத்தை வைத்துப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து மருமகளுக்கு எதிரே உட்கார்ந்து, இரண்டு கைகளையும் ஏந்தி, கண் கலங்கத் துஆ செய்தார்.

"உன் கை நல்லா இருக்கணும் மகளே. உன்னை மாதிரி மருமக யாருக்குக் கிடைப்பா? வீடு காஞ்சிருச்சு. இனி எத்தனை வருஷம் ஆனாலும் நாம ரெண்டு பேரும் நிம்மதியா அவனுக்காகக் காத்திருக்கலாம்."

"ஆமீன்" என்றாள் சனவ்பர், இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு.